குவாட் கணக்கு: ஃபிகர் ஸ்கேட்டிங்கில் யார் முயன்றார், யார் இறங்கினார் என்று பதிந்து வைக்க ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற நகரத்தில் உட்கார்ந்துகொண்டு, பனித்தளத்தில் யார் நான்கு சுற்றுத் தாவல், அதாவது ‘குவாட்’, போட்டார் என்று கணக்கெடுப்பதைப் பார்த்தால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். சன்வே பிரமிட் பனித்தளத்துக்கே இங்கிருந்து நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். ஆனால் இந்த வேலைக்குப் பனி தேவையில்லை. ஒரு கைப்பேசி, சுமாரான இணையம், ஒரு விரிதாள், கொஞ்சம் பிடிவாதம் இருந்தால் போதும். கணக்கெடுக்க வேண்டிய தாள்கள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

இணையத்தில் ஏற்கெனவே பட்டியல்கள் இருக்கின்றனவே, நாம் வேறு எதற்கு என்று கேட்கலாம். பெரும்பாலான பட்டியல்களில் பெயருக்கு எதிரே ஒரு சரிக்குறி இருக்கும், அவ்வளவுதான். அந்தக் குறி முழுதாகச் சுற்றி இறங்கியதற்கா, சுற்றிவிட்டு விழுந்ததற்கா, முக்கால்வாசி சுற்றிச் சமாளித்ததற்கா என்று யாருக்கும் தெரியாது. நான் சொல்லப்போகும் முறையில் ஒற்றைச் சரிக்குறிக்கு இடமே இல்லை.

முதலில் வரையறை, அப்புறம்தான் விரிதாள்

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சண்டையே நடந்தது. அக்கா மகள் கேட்டாள்: “மாமா, விழுந்தாலும் நாலு சுத்து முழுசா சுத்திட்டாங்கல்ல? அப்புறம் ஏன் இறங்கலன்னு எழுதுறீங்க?” நியாயமான கேள்வி. விதிப்புத்தகமும் பாதி அவள் பக்கம்தான். முழுதாகச் சுற்றிவிட்டு விழுந்தால் தாவலின் அடிப்படை மதிப்பு, அதாவது அந்தத் தாவலுக்கென்று வைத்த விலை, அப்படியே இருக்கும். தாவல் எவ்வளவு நன்றாக இருந்தது என்று நடுவர்கள் கூட்டியோ கழித்தோ போடும் தரப்புள்ளியிலும் விழுந்ததற்கான கழிவிலும்தான் அடி விழும்.

தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. வெட்டிய செம்பனைக் குலை எத்தனை என்பது ஒரு கணக்கு. பழுத்தது என்று ஆலை ஏற்றுக்கொண்ட குலை எத்தனை என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் கிராணிக்கே குழம்பிவிடும்.

நான் பயன்படுத்தும் நிலைகள் ஏழு. *சுத்தம்*: முழுச் சுற்று, ஒற்றைக் காலில் இறக்கம், தரப்புள்ளி சுழியம் அல்லது அதற்கு மேல். *நின்றது*: முழுச் சுற்று, விழவில்லை, ஆனால் கை தொட்டது, கால் மாறியது போன்ற குறையால் தரப்புள்ளி கழித்தலில் போனது. *கால்*: சரியாகக் கால் சுற்று குறைந்து இறங்கியது. *விழுந்தது*: முழுச் சுற்று, ஆனால் வீழ்ச்சி. *குறை*: கால் சுற்றுக்கு மேல், அரைச் சுற்றுக்குள் குறைந்தது. *தள்ளுபடி*: அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்து, சுற்றைத் தீர்மானிக்கும் தொழில்நுட்பக் குழு அதை மூன்று சுற்றாகவே எண்ணியது. *கலைந்தது*: குவாட் போடப் போய், காற்றில் உடல் திறந்துபோய், இரண்டோ ஒன்றோ சுற்றி இறங்கியது.

இவற்றில் முதல் மூன்றை நான் ‘இறங்கியது’ என்று எண்ணுகிறேன். ஏழும் சேர்ந்து ‘முயன்றது’. ‘கால்’ நிலையைச் சேர்க்கலாமா என்று உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் வரையறையை விரிதாளின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு, பருவத்தின் நடுவில் கை வைக்காமல் இருங்கள். பிடித்த விளையாட்டாளர் ஒருவர் தடுமாறும்போது விதியைத் தளர்த்தத் தோன்றும். எல்லோருக்கும் தோன்றுவதுதான்.

ஆறு தாவல்கள், ஆறு விலைகள்

டோ லூப், சால்கோ, லூப், ஃபிலிப், லட்ஸ், ஆக்ஸல். இந்த ஆறும் தெரிந்தால் போதும். 2018-19 பருவத்தில் வந்த விலைப்பட்டியலில் நான்கு சுற்று டோ லூப்புக்கு 9.5, சால்கோவுக்கு 9.7, லூப்புக்கு 10.5, ஃபிலிப்புக்கு 11.0, லட்ஸுக்கு 11.5, ஆக்ஸலுக்கு 12.5. அதற்கு முந்தைய பருவத்தில் லட்ஸுக்கு 13.6, ஆக்ஸலுக்கு 15.0 இருந்தது. அதனால் வேறு வேறு காலத்துப் புள்ளிகளை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடாதீர்கள். தாவலின் பெயரையும் நிலையையும் ஒப்பிடுங்கள்.

டோ லூப், ஃபிலிப், லட்ஸ் மூன்றும் காலணியின் முன்பல்லைப் பனியில் குத்தி எழும்புபவை. மற்ற மூன்றும் காலணிக் கத்தியின் ஓரத்திலிருந்தே எழும்புபவை. ஃபிலிப்புக்கும் லட்ஸுக்கும் உள்ள வேறுபாடு எந்த ஓரத்திலிருந்து எழும்புகிறார் என்பதில் இருக்கிறது: ஃபிலிப் உள் ஓரம், லட்ஸ் வெளி ஓரம். தொலைக்காட்சியில் இதைச் சட்டென்று கண்டுபிடிப்பது புதியவர்களுக்குக் கஷ்டம். கண்டுபிடிக்கவும் வேண்டாம், தாளே சொல்லிவிடும். ஆக்ஸல் மட்டும் முன்னோக்கி எழும்பிப் பின்னோக்கி இறங்குவதால் நான்கு சுற்று ஆக்ஸல் உண்மையில் நான்கரைச் சுற்று. அதனால்தான் மற்ற ஐந்தும் போட்டியில் வந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் அது வந்தது.

தாளைத் தேடி எடுப்பது

அனைத்துலக ஸ்கேட்டிங் சங்கம், சுருக்கமாக ஐஎஸ்யூ, தன் போட்டிகள் ஒவ்வொன்றின் முடிவுப் பக்கத்திலும் நடுவர் மதிப்பெண் தாளைப் பிடிஎஃப் வடிவில் போடுகிறது. ரசிகர்கள் இதைப் புரோட்டோகால் என்பார்கள். போட்டிக்கு இரண்டு பகுதி: குறுகிய ஷார்ட் புரோகிராமுக்கு ஒரு தாள், நீண்ட ஃப்ரீ ஸ்கேட்டுக்கு ஒன்று. போட்டி முடிந்து கொஞ்ச நேரத்தில் ஏறிவிடும். கோப்பு சிறியதுதான், மழையில் இணையம் திணறும் மாலையிலும் இறங்கிவிடும். இறக்கியதும் கோப்புப் பெயரைப் பருவம், போட்டி, பிரிவு, பகுதி என்ற வரிசையில் மாற்றிச் சேமியுங்கள். ஆறு மாதம் கழித்து எது எதுவென்று தேடும்போது இந்த வேலைக்காக உங்களை நீங்களே வாழ்த்துவீர்கள்.

பருவம் ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. ஆகஸ்ட் முதல் ஜூனியர் கிராண்ட் பிரி, அக்டோபர் நவம்பரில் சீனியர் கிராண்ட் பிரி, டிசம்பரில் அதன் இறுதிச் சுற்று, அதையொட்டி அந்தந்த நாட்டுத் தேசியப் போட்டிகள், பிறகு ஐரோப்பியப் போட்டியும் நான்கு கண்டங்கள் போட்டியும், மார்ச் மாதத்தில் உலகப் போட்டி. தீபாவளிப் பலகாரம் சுடும் நேரத்தில் கிராண்ட் பிரி உச்சத்தில் இருக்கும், தைப்பூசக் காலத்தில் நான்கு கண்டங்கள் வந்து நிற்கும். அந்த இரண்டு நேரங்களிலும் வேலை தேங்கும் என்று இப்போதே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். தாள் எங்கும் ஓடிவிடாது.

நம் நாட்டு ஆட்கள் வருவது பெரும்பாலும் நான்கு கண்டங்கள் போட்டிக்குத்தான். 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டில் தங்கம் வென்ற ஜூலியன் யீ, 2018 பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போன முதல் மலேசிய ஃபிகர் ஸ்கேட்டர். ஷார்ட் புரோகிராமில் 25-வது இடம். ஃப்ரீ ஸ்கேட்டுக்குப் போவது 24 பேர். ஒரே ஓர் இடத்தில் போனது! கணக்குக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது: ஷார்ட்டோடு வெளியேறியவர்களின் தாளையும் பாருங்கள். பட்டியலின் அடியில் இருக்கும் ஆட்கள் போட்ட குவாட்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

தாளைப் படிப்பது

இதுதான் வழிகாட்டியின் இதயப் பகுதி, நிதானமாகப் போவோம்.

ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பெட்டி. மேல்வரியில் பெயர், நாடு, மொத்தம். அதன் கீழே தாவல், சுழற்சி என்று செய்த அம்சங்கள் வரிசையாக. குவாட் என்றால் 4 என்ற எண்ணில் தொடங்கும்: 4டி டோ லூப், 4எஸ் சால்கோ, 4எல்ஓ லூப், 4எஃப் ஃபிலிப், 4எல்இசட் லட்ஸ், 4ஏ ஆக்ஸல். தாளில் இவை ஆங்கில எழுத்தில் இருக்கும். பக்கத்தில் ‘தகவல்’ பத்தி, பிறகு அடிப்படை மதிப்பு, தரப்புள்ளி, நடுவர்கள் ஒவ்வொருவரும் கொடுத்த எண், கடைசியில் அந்த அம்சத்துக்குக் கிடைத்த புள்ளி.

நாம் பார்க்க வேண்டியது குறிகளை. ஒற்றைக் கோணக்குறி (<) இருந்தால் ‘குறை’. இரட்டைக் கோணக்குறி (<<) இருந்தால் ‘தள்ளுபடி’. க்யூ எழுத்து இருந்தால் ‘கால்’. எஃப் எழுத்து தகவல் பத்தியில் இருந்தால் வீழ்ச்சி. தாவல் பெயரில் வரும் எஃப் ஃபிலிப், இரண்டையும் கலந்துவிடாதீர்கள். நட்சத்திரக் குறி இருந்தால் அந்த அம்சம் செல்லாது. எக்ஸ் என்றால் பிற்பாதி ஊக்கப் புள்ளி: ஃப்ரீ ஸ்கேட்டில் கடைசி மூன்று தாவல் அம்சங்களுக்கும் ஷார்ட்டில் கடைசி ஒன்றுக்கும் 10 விழுக்காடு கூடுதல். இந்த எக்ஸ் நம் கணக்கைத் தொடாது.

கோணக்குறி எந்தத் தாவலின் பின்னால் ஒட்டியிருக்கிறது என்று கவனியுங்கள். கூட்டுத் தாவலில் 4டி, 3டி இரண்டும் ஒரே வரியில் வரும். குறி இரண்டாவதன் பின்னால் இருந்தால் குவாட் சரிதான், மூன்று சுற்றில்தான் குறை. தரப்புள்ளி மட்டும் முழு வரிக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான். ஆக, கூட்டில் வந்த குவாட் ‘சுத்தமா’, ‘நின்றதா’ என்று தாளை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. காணொளியையும் பார்த்து முடிவெடுங்கள், எடுத்த முடிவுக்குப் பக்கத்தில் ‘கூட்டு’ என்று குறித்துவையுங்கள்.

வரியின் தொடக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் இன்னொரு இடத்தில் வழுக்குவார்கள். கசகஸ்தானின் மிகயில் ஷைதோரோவ் மூன்று சுற்று ஆக்ஸலில் தொடங்கி, நடுவில் இணைப்புக்காக ஓர் ஆய்லர் என்ற ஒற்றைச் சுற்றுத் தாவல், முடிவில் நான்கு சுற்று சால்கோ என்று கூட்டுப் போடுபவர். அந்த வரி 3 என்ற எண்ணில் தொடங்கும். கைப்பேசியில் தேடும்போது ‘4’ என்று வரி முழுக்கத் தேடுங்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக், பிப்ரவரி 10, ஆண்கள் ஃப்ரீ ஸ்கேட். ஜப்பானின் யுசுரு ஹன்யூ முதல் அம்சமாக நான்கு சுற்று ஆக்ஸலை முயன்றார். தாளில் 4ஏ, அதன் பின்னால் ஒற்றைக் கோணக்குறி, தகவல் பத்தியில் வீழ்ச்சி. அடிப்படை மதிப்பு 12.5. ஒற்றைக் கோணத்துக்கு 80 விழுக்காடுதான் கிடைக்கும், ஆக 10.00. விழுந்ததால் தரப்புள்ளி அடிமட்டம், கழித்தல் 5. ஒவ்வொரு படிக்கும் 10 விழுக்காடு என்பதால் பாதி போய்விடும். மிச்சம் 5.00. இதற்கு மேல் விழுந்ததற்காக மொத்தத்தில் ஒரு புள்ளி தனியாகக் கழியும். நம் விரிதாளில் இது ‘முயன்றது’ பத்தியில் ‘குறை, வீழ்ச்சி’ என்று போகும். ‘இறங்கியது’ பத்தியில் போகாது. ஹன்யூ ரசிகர்களுக்கு இது வலிக்கும். ஆனால் அந்த நான்கரைச் சுற்று முயற்சி தாளிலேயே 4ஏ என்று பதிவானதும் சின்ன விஷயம் இல்லை. இரண்டு பத்தி வைத்திருப்பதால் இரண்டையும் சொல்ல முடிகிறது.

இன்னொன்று: 4டி-யில் இரட்டைக் கோணம் விழுந்தால் மதிப்பு மூன்று சுற்று டோ லூப்பின் 4.2-க்கு இறங்கும். தாளில் பெயர் மட்டும் 4டி என்றே இருக்கும். அதைப் பார்த்து ‘குவாட் போட்டார்’ என்று எழுதும் பட்டியல்களும் உண்டு.

குறிகளும் எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை. க்யூ 2020-21 பருவத்தில்தான் வந்தது, அதற்கு முந்தைய தாள்களில் அதைத் தேடாதீர்கள். ஒற்றைக் கோணம், இரட்டைக் கோணம் என்ற பிரிவு 2010-11 பருவத்தில் வந்தது. பழைய தாளை நிரப்பும்போது பருவத்தைப் பார்த்துவிட்டே குறியைப் பொருள்கொள்ளுங்கள்.

தாளில் தெரியாத குவாட்

கணக்கெடுப்பவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். அதே பெய்ஜிங், பிப்ரவரி 8, ஷார்ட் புரோகிராம். ஹன்யூ நான்கு சுற்று சால்கோவுக்குப் போனார். எழும்பும் இடத்தில் பனியில் இருந்த பள்ளத்தில் கத்தி மாட்டியது. காற்றில் ஒரே சுற்று, புள்ளி 0. தாளில் ஒற்றைச் சால்கோ என்று மட்டுமே இருக்கும். நான்கு சுற்று முயற்சி ஒன்று நடந்ததற்கான தடயமே அந்த வரியில் கிடையாது.

இதற்கு வழி, திட்டமிட்ட அம்சங்களின் பட்டியல். பெரிய போட்டிகளில் விளையாட்டாளர் முன்கூட்டியே கொடுக்கும் பட்டியலை வெளியிடுவதுண்டு. அதையும் மதிப்பெண் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திட்டத்தில் 4 இருந்து செயலில் 1, 2 அல்லது 3 வந்த இடங்களைக் குறியுங்கள். உடனே ‘கலைந்தது’ என்று எழுதிவிட வேண்டாம். சிலர் எழும்பும் முன்பே முடிவை மாற்றி நிதானமாக மூன்று சுற்றுப் போடுவார்கள். அது கலைந்த குவாட் இல்லை, போடாத குவாட். காணொளியில் காற்றில் உடல் திறந்துபோவது தெரிந்தால் மட்டும் ‘கலைந்தது’. பட்டியலே இல்லாத போட்டி என்றால், அதே பருவத்தில் அவருடைய முந்தைய இரண்டு தாள்களைப் பார்த்தால் எந்த இடத்தில் குவாட் இருந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்படி ஊகித்ததை வேறு நிறத்தில் போடுங்கள்.

நேரலை பார்க்கும்போது

ஜூனியர் கிராண்ட் பிரி போட்டிகளை ஐஎஸ்யூ தன் யூடியூப் அலைவரிசையில் நேரலையாகப் போட்டு வந்திருக்கிறது. நாளைய குவாட்காரர்களை முதலில் பார்க்கும் இடம் அதுதான். திரையின் ஓரத்தில் ஓடும் புள்ளிப் பெட்டியைப் பார்த்து விரிதாளை நிரப்ப வேண்டாம். அது தற்காலிகம். தொழில்நுட்பக் குழு நிகழ்ச்சி முடிந்ததும் காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்த்துச் சுற்றைக் குறைக்கலாம். வர்ணனையாளர் “குவாட்!” என்று கூவுவதை வைத்தும் எழுத வேண்டாம். அவருக்கு உற்சாகம் முக்கியம், நமக்குத் தாள் முக்கியம்.

நேரக் கணக்கு ஒரு தலைவலி. ஜப்பான் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால், அதில் பிரச்சினை இல்லை. மேற்கு ஐரோப்பாவில் குளிர்கால மாலை 6 மணி என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி 1 மணி. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை, செப்டம்பரில் 8 மணி, டிசம்பரில் 9 மணி. நீங்கள் சனிக்கிழமை காலை மாமாக் கடையில் தே தாரிக்கோடு பார்த்த தாவல் அங்கே வெள்ளிக்கிழமை நடந்தது. விரிதாளில் எப்போதும் போட்டி நடந்த ஊரின் தேதியையே எழுதுங்கள். ‘முதன்முதலில்’ என்று சொல்லும் இடங்களில் ஒரு நாள் பிசகினாலும் யாராவது வந்து சண்டை போடுவார்கள்.

‘முதல்’ பட்டியல்

எல்லோரும் கேட்பது இதைத்தான் என்பதால் தனிப் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு விதி இன்னும் கடுமை: ஐஎஸ்யூ அங்கீகரித்த போட்டி, முழுச் சுற்று.

ஆண்களில் டோ லூப்: கர்ட் பிரௌனிங், 1988 மார்ச், புடாபெஸ்ட் உலகப் போட்டி. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே 1986 கோபன்ஹேகன் ஐரோப்பியப் போட்டியில் யோசஃப் சபோவ்சிக் போட்டார், பிறகு மறுகால் பனியைத் தொட்டது என்று அது ஏற்கப்படாமல் போனது. சால்கோ: டிமோத்தி கேபல், 1998. லட்ஸ்: பிராண்டன் ம்ரோஸ், 2011. ஃபிலிப்: ஷோமா உனோ, 2016 ஏப்ரல். லூப்: ஹன்யூ, 2016 செப்டம்பர் 30, மொன்றியால். ஆக்ஸல்: இலியா மலினின், 2022 செப்டம்பர் 14, லேக் பிளாசிட், அப்போது அவருக்கு வயது 17. பிரௌனிங்கிலிருந்து மலினின் வரை ஆறு தாவல்களும் முடிய 34 ஆண்டுகள் ஆயின.

பெண்களில் முதல் குவாட் ஜப்பானின் மிக்கி ஆண்டோ, 2002 டிசம்பர், ஜூனியர் கிராண்ட் பிரி இறுதிச் சுற்று, சால்கோ. பிரான்சின் சுரியா பொனாலி 1990-களின் தொடக்கத்திலேயே டோ லூப்பை முயன்றார், சுற்றுக் குறைவால் ஏற்கப்படவில்லை. ‘முயன்றது’ பத்தி இல்லாத பட்டியலில் இந்தப் பெண்மணிக்கு இடமே கிடைக்காது. எனக்கு அது பொறுக்காது. ஆண்டோவுக்குப் பிறகு நீண்ட இடைவெளி. 2018 மார்ச்சில் சோஃபியா ஜூனியர் உலகப் போட்டியில் அலெக்சாண்ட்ரா துருசோவா சால்கோவும் டோ லூப்பும் ஒரே நிகழ்ச்சியில் இறக்கினார். அதே ஆண்டு லட்ஸ், 2019 டிசம்பரில் ஃபிலிப் என்று அடுக்கினார். 2019 சைதாமா உலகப் போட்டியில் கசகஸ்தானின் எலிசபெத் துர்சின்பாயேவா சால்கோ இறக்கினார். சீனியர் உலகப் போட்டியில் ஒரு பெண் இறக்கிய முதல் குவாட் அது.

பெண்கள் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். ஷார்ட் புரோகிராமில் பெண்களுக்குக் குவாட் அனுமதி இல்லாமலே இந்தக் காலம் முழுக்க ஓடியது. ஆக, பெண்களின் எண்ணிக்கை ஃப்ரீ ஸ்கேட்டில் மட்டுமே வந்தது. ஆண்களோடு ஒப்பிடுகிறவர்கள் இதைச் சொல்லாமல் ஒப்பிட்டால் அது நேர்மையில்லை.

உள்நாட்டுப் போட்டிகளுக்குத் தனிப் பத்தி. அமெரிக்க, ஜப்பானிய, ரஷ்யத் தேசியப் போட்டிகளில் இறங்கிய குவாட் உண்மையான குவாட்தான், ஆனால் ஐஎஸ்யூ பதிவில் ஏறாது. 2022 மார்ச்சில் ரஷ்ய, பெலருஸ் விளையாட்டாளர்களை ஐஎஸ்யூ விலக்கியபின் பெண்களின் குவாட்களில் பெரும்பங்கு இந்தப் பத்திக்குள் போய்விட்டது. ரஷ்யாவின் அடெலியா பெட்ரோசியன் நான்கு சுற்று லூப் இறக்கியது உள்நாட்டுப் போட்டியில்தான். அதை விட்டால் கணக்கில் ஓட்டை, ஐஎஸ்யூ பத்தியில் சேர்த்தால் பொய். பயிற்சியில் எடுத்த துண்டுக் காணொளிகளை நான் சேர்ப்பதே இல்லை. நூறு தடவை விழுந்தபின் எடுத்த ஒன்றைத்தான் அவர்கள் போடுவார்கள்.

பிறகு மாறும் முடிவுகள்

2022 பிப்ரவரி 7, பெய்ஜிங் குழுப் போட்டியில் ரஷ்யாவின் கமிலா வலியேவா குவாட் இறக்கியபோது, ஒலிம்பிக்கில் குவாட் இறக்கிய முதல் பெண் என்று உலகமே எழுதியது. 2024 ஜனவரியில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் ஊக்கமருந்து விவகாரத்தில் 2021 டிசம்பர் 25 முதலான அவருடைய முடிவுகளை ரத்து செய்தது. இப்போது அந்த வரியை என்ன செய்வது?

அழிக்க வேண்டாம் என்பது என் தீர்ப்பு. தாவல் நடந்தது, நடுவர் குழு பார்த்தது, தாள் இருக்கிறது. ஆனால் ‘தகுதி நீக்கம்’ என்ற பத்தியில் தேதியோடு குறித்து, ‘முதல்’ பட்டியலிலிருந்தும் கூட்டுத்தொகையிலிருந்தும் எடுத்துவிடுங்கள். விரிதாளில் ஒரு வடிகட்டி போட்டால் இரண்டு கணக்கும் கைவசம் இருக்கும். இன்னொருவர் இதற்கு மாறாகச் செய்தால் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். சொல்லாமல் செய்தால்தான் சொல்வேன்.

தாள் இல்லாத பழைய காலம்

இப்போதைய புள்ளி முறை 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக் நடுவர் சர்ச்சைக்குப் பிறகு வந்தது. அதற்கு முன் 6.0 முறை: நடுவர்கள் ஆறுக்கு இத்தனை என்று மொத்தமாக மதிப்பெண் போட்டது. அம்சம் அம்சமாகத் தாள் கிடையாது. அந்தக் காலத்துக்குக் காணொளியும் பத்திரிகைச் செய்தியும்தான் ஆதாரம். இரண்டு ஆதாரம் ஒத்துப்போனால் எழுதுங்கள், ஒன்றே இருந்தால் ‘ஒற்றை ஆதாரம்’ என்று குறியுங்கள். நான் 2004-க்குப் பிந்தையதை முதலில் முடித்துவிட்டு அப்புறம் பின்னோக்கிப் போகச் சொல்வேன். பழையதில் தொடங்கினால் தையல் வேலை மாதிரி ஆகி, பாதியில் விட்டுவிடுவீர்கள்.

காணொளியில் சரிபார்ப்பது

வேகத்தைக் கால்பங்காகக் குறைத்து, கத்தி பனியை விடும் இடத்தையும் தொடும் இடத்தையும் மட்டும் பாருங்கள். கேமரா கோணம் ஏமாற்றும். தூரத்திலிருந்து பக்கவாட்டில் எடுத்த காட்சியில் கால் சுற்றுக் குறைவைத் தீர்மானிக்கவே முடியாது. உங்கள் கருத்து குழுவின் கருத்தோடு ஒத்துப்போகாத இடம் நிச்சயம் வரும். அதற்கு ‘என் பார்வை’ என்று ஒரு பத்தி வைத்து மனபாரத்தை அங்கே இறக்கிவிடுங்கள். அதிகாரப்பூர்வப் பத்தியில் கை வைக்காதீர்கள்.

பெயர்களும் பத்திகளும்

துருசோவா, ட்ருசோவா, ட்ரூசோவா என்று தமிழில் எப்படியும் எழுதலாம். விரிதாளுக்கு மூன்றும் மூன்று ஆட்கள். ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, பெயரை ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, மற்ற இடமெல்லாம் எண்ணை வையுங்கள். சிலர் நாடு மாறுவார்கள், அதையும் எண் காப்பாற்றும். ஒரு வரிக்கு ஒரு குவாட். ஒரே நிகழ்ச்சியில் ஐந்து குவாட் என்றால் ஐந்து வரி. பெய்ஜிங் ஃப்ரீ ஸ்கேட்டில் துருசோவா ஐந்து குவாட் வைத்தார், 2018 பியோங்சாங் ஃப்ரீ ஸ்கேட்டில் நேத்தன் சென் ஆறு வைத்தார். ஒரே கட்டத்தில் திணித்தால் எது நின்றது, எது தடுமாறியது என்று பிறகு பிரிக்க முடியாது. வயதுக்கும் ஒரு பத்தி வேண்டும்: சீனியருக்கான குறைந்தபட்ச வயது 15 ஆக இருந்தது, 2023-24-இல் 16, 2024-25-இல் 17 என்று ஏறியது. ஜூனியரில் குவாட் அதிகமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஜப்பானின் மாவ் ஷிமாடா 2023 ஜூனியர் உலகப் போட்டியில் டோ லூப் குவாட்டோடு வென்றபோது சீனியருக்கு வயது வரவில்லை.

ஜோடிப் பிரிவில் ‘குவாட் த்ரோ’, ‘குவாட் ட்விஸ்ட்’ என்று வரும். ஆண் எறிய, பெண் சுற்றுவது. அதை இந்த விரிதாளில் சேர்க்காதீர்கள், வேறு விளையாட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டிப் பார்ப்பது

பருவ முடிவில் ஆளுக்கு மூன்று எண் எடுங்கள்: முயன்றது, இறங்கியது, சுத்தம். மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். 2024 டிசம்பரில் கிரெனோபிள் கிராண்ட் பிரி இறுதிச் சுற்றில் மலினின் ஆறு வகைக் குவாட்டையும் ஒரே ஃப்ரீ ஸ்கேட்டில் வைத்து மொத்தம் ஏழு முயன்றார். தாளில் பலவற்றுக்குச் சுற்றுக் குறை விழுந்தது. ஓர் ஆண்டு கழித்து, 2025 டிசம்பரில் நகோயாவில், ஏழையும் இறக்கி ஃப்ரீ ஸ்கேட்டில் 238.24 புள்ளி எடுத்தார். ‘முயன்றது’ என்ற ஒரே எண்ணை வைத்தால் இரண்டு இரவும் ஒன்றுதான்: ஏழு, ஏழு.

அதே போல, குவாட் எண்ணிக்கையை வைத்து வெற்றியை ஊகிக்க வேண்டாம். 2010 வான்கூவரில் எவன் லைசாசெக் ஒரு குவாட்கூட இல்லாமல் தங்கம் வாங்கினார், குவாட் போட்ட பிளூஷென்கோவுக்கு வெள்ளி. இன்றைய விலைப்பட்டியலிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு சுற்று லட்ஸை முழுதாகச் சுற்றி விழுந்தால் 11.5-இல் பாதி போய் 5.75, அதில் வீழ்ச்சிக்கு ஒரு புள்ளி கழிந்து 4.75. மூன்று சுற்று லட்ஸை அழகாகப் போட்டுத் தரப்புள்ளி கூட்டல் 3 வாங்கினால் 5.9-உடன் 1.77 சேர்ந்து 7.67.

தொடங்குகிறவர்களுக்கு ஒரு தாள் சொல்கிறேன்: 2022 பிப்ரவரி 17, பெய்ஜிங், பெண்கள் ஃப்ரீ ஸ்கேட். துருசோவாவின் ஐந்து வரிகள், அன்னா ஷெர்பகோவாவின் ஃபிலிப்கள், பிறகு தகுதி நீக்கமான வலியேவாவின் வரிகள், கூட்டுத் தாவல்கள், வீழ்ச்சிகள் எல்லாம் அந்த ஒரே கோப்பில் இருக்கின்றன. அதை முதல் பக்கத்தில் எழுதிய உங்கள் வரையறைப்படி நிரப்புங்கள். வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்துத் தனியாக நிரப்பச் சொல்லுங்கள். இரண்டு விரிதாளும் வேறுபடும் வரிகளைப் பார்த்து, வரையறையில் இடைவெளி இருந்தால் அப்போதே அடைத்துவிட்டு, அடுத்த தாளைத் திறக்கலாம்.